எண் மட்டும் எழுதினால் போதாது: வியாபாரக் கடிதத்தில் கணக்கைப் புரியும்படி சொல்வது

2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "வரி பத்து பர்சன்ட் குறைஞ்சிருக்கு, அப்போ விலையும் பத்து பர்சன்ட் குறையணுமே, ஏன் குறையல?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்காரர் ஒரு பைசா கூட எடுத்துக்கொள்ளாமல் முழுப் பலனையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாலும் விலை பத்து சதவீதம் குறையாது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்துக்குள்ளேயே வியாபார எழுத்தில் எண்கள் செய்யும் குழப்பம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

கடையில் நின்று பேசும்போது இப்படிக் குழப்பிக்கொண்டால் பெரிய நஷ்டம் இல்லை. அதே குழப்பம் ஒரு கொட்டேஷனிலோ, வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலோ, வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலிலோ வந்துவிட்டால் பணம் போகும், இல்லையென்றால் உறவு போகும். சிறு நிறுவனங்களின் கடிதங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், 'மதிப்பிற்குரிய ஐயா' சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்ப்பவர்கள், நடுவில் இருக்கும் தொகையை ஒரு தடவை கூடப் படிக்கிறவரின் கண்ணால் பார்ப்பதில்லை. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாகவே இருக்கும். எழுதிய விதத்தில்தான் பிசகு.

பழைய எண், புதிய எண்

சென்னையில் வீடு தேடி அலைந்த யாருக்கும் இது தெரியும். 'எண் 14' என்று மட்டும் சொன்னால் போய்ச் சேர முடியாது. பழைய எண் 14 ஒரு வீடு, புதிய எண் 14 தெருவின் இன்னொரு பக்கத்தில் இன்னொரு வீடு. அதனால்தான் கதவில் இரண்டையும் எழுதி வைக்கிறோம். சொன்ன எண்ணில் தவறு இல்லை, அது எந்த வரிசையில் உள்ள எண் என்பதுதான் விட்டுப்போனது.

வியாபாரக் கடிதத்தில் உள்ள எண்ணும் அப்படித்தான். அதற்கு மூன்று துணைகள் வேண்டும். முதலாவது அலகு, அதாவது எதை எண்ணுகிறோம் என்பது: ரூபாயா, கிலோவா, பெட்டியா, சதுர அடியா. இரண்டாவது அடிப்படை, அதாவது எதன் மேல் கணக்கிட்டோம் என்பது. மூன்றாவது காலம், எந்தத் தேதி அல்லது எந்தக் காலகட்டத்துக்கான எண் என்பது. எழுதுபவரின் தலைக்குள் மூன்றும் இருக்கும், அதனால் தாளிலும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். படிப்பவரிடம் இருப்பது தாள் மட்டும்தான்.

இந்த மூன்றில் அலகை மறப்பவர்கள் குறைவு. காலத்தைச் சிலர் மறப்பார்கள். அடிப்படையை எல்லோரும் மறக்கிறார்கள், அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எதன் மேல் சதவீதம்?

சதவீதம் என்பது தனியாக நிற்கக்கூடிய எண் இல்லை. '20 சதவீதம்' என்றால் ஏதோ ஒன்றில் நூற்றுக்கு இருபது பங்கு. அந்த 'ஏதோ ஒன்று'தான் அடிப்படை. அது மாறினால் அதே 20 சதவீதம் வேறு தொகையாகிவிடும்.

ஆடித் தள்ளுபடியில் '20 சதவீதம், அதன் மேல் இன்னொரு 10 சதவீதம்' என்று போட்டிருப்பார்கள். மொத்தம் முப்பது என்று மனம் கூட்டிவிடுகிறது. ஆயிரம் ரூபாய்ப் புடவையில் முதல் 20 சதவீதம் போனால் 800. இரண்டாவது 10 சதவீதம் அந்த 800-இல் கழியும், ஆயிரத்தில் அல்ல. ஆக 720 ரூபாய். மொத்தத் தள்ளுபடி 28 சதவீதம். கடையில் இருப்பவர் பொய் சொல்லவில்லை, இரண்டாவது சதவீதத்தின் அடிப்படை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

விற்பனை அறிக்கைகளில் இது இன்னும் மோசமாக வேலை செய்யும். 'போன வருஷம் 40 சதவீதம் விழுந்தோம், இந்த வருஷம் 40 சதவீதம் ஏறிட்டோம், சரியாப் போச்சு' என்று ஒருவர் எழுதினால் நம்பிவிடாதீர்கள். 10 லட்சம் 40 சதவீதம் விழுந்தால் 6 லட்சம். அந்த 6 லட்சம் 40 சதவீதம் ஏறினால் 8 லட்சத்து 40 ஆயிரம்தான். பழைய இடத்துக்கு வர கிட்டத்தட்ட 67 சதவீதம் ஏற வேண்டும். விழும்போது அடிப்படை பெரியது, ஏறும்போது சிறியது. அதனால்தான் அறிக்கையில் சதவீதத்தோடு உண்மையான தொகையையும் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். '6 லட்சத்திலிருந்து 8.4 லட்சமாக, அதாவது 40 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

இப்போது ஏசிக்கு வருவோம். வரி சேர்க்காத விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 சதவீத வரி 11,200, மொத்தம் 51,200. வரி 18 சதவீதமானதும் 7,200, மொத்தம் 47,200. குறைந்தது 4,000 ரூபாய். வாடிக்கையாளர் முன்பு கொடுத்திருக்கக்கூடிய 51,200-இல் 4,000 என்பது சுமார் 7.8 சதவீதம். பத்து அல்ல. அதே நேரம், அரசுக்குப் போகும் வரித் தொகையை மட்டும் பார்த்தால் 11,200 என்பது 7,200 ஆகியிருக்கிறது, அது சுமார் 35.7 சதவீதக் குறைவு.

ஒரே நிகழ்வு. 10, 7.8, 35.7 என்று மூன்று எண்கள். மூன்றும் உண்மை. எதன் மேல் என்று சொல்லாதவரை மூன்றும் சண்டைக்கு விதை.

இதில் அந்த 10-க்கு மட்டும் தனிப் பெயர் உண்டு: சதவீதப் புள்ளி. இரண்டு சதவீதங்களை நேராகக் கழித்தால் வருவது சதவீதப் புள்ளி. 28-இல் 18 போனால் 10 சதவீதப் புள்ளி. இதை '10 சதவீதம் குறைந்தது' என்று எழுதினால் கண்டிப்பாக ஒருவராவது விலையில் பத்து சதவீதம் எதிர்பார்ப்பார். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 6.50-இலிருந்து 6.25-ஆகக் குறைத்தபோதும் '0.25 சதவீதம் குறைப்பு' என்றே எங்கும் பேச்சு. அது 0.25 சதவீதப் புள்ளி. வங்கிக்காரர்கள் இதையே 25 அடிப்படைப் புள்ளிகள் என்பார்கள், ஒரு சதவீதப் புள்ளியை நூறாகப் பிரித்தால் ஒரு அடிப்படைப் புள்ளி. உங்கள் கடிதத்தில் இந்தச் சொற்களே வேண்டாம் என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது: 'வட்டி 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது' என்று இரண்டு முனையையும் எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சதவீதம் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் 'எதன் மேல்?' என்று கேளுங்கள், பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசம் சதவீதப் புள்ளி, சதவீதம் அல்ல.

வரி உட்பட, வரி தனி

இது அதே அடிப்படைப் பிரச்சினையின் இன்னொரு முகம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11,800 ரூபாய்க்கு ஒரு பில். இதில் வரி எவ்வளவு? நிறையப் பேர் 11,800-இல் 18 சதவீதம் போட்டு 2,124 என்கிறார்கள். வரி கணக்கிடப்பட்டது வரிக்கு முந்தைய விலையின் மேல், அதாவது 10,000-இன் மேல். ஆகவே வரி 1,800. உட்பட்ட தொகையிலிருந்து வரியைப் பிரிக்க 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும்.

கொட்டேஷனில் 'விலை 11,800' என்று மட்டும் எழுதினால் வாங்குபவர் 'உட்பட' என்று படிப்பார், விற்பவர் 'தனி' என்று நினைத்திருப்பார், பில் வரும்போது இருவரும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று நிற்பார்கள். 'ஜிஎஸ்டி உட்பட' அல்லது 'ஜிஎஸ்டி தனி' என்ற இரண்டு சொல்லை எழுத எத்தனை விநாடி ஆகும்?

மார்க்-அப்பும் மார்ஜினும்

800 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். லாபம் 200. எத்தனை சதவீதம்? வாங்கிய விலையின் மேல் பார்த்தால் 25, இதுதான் மார்க்-அப். விற்ற விலையில் பார்த்தால் 20, இதுதான் மார்ஜின். சௌகார்பேட்டையிலும் பாரிமுனையிலும் மொத்த வியாபாரிகள் பேச்சில் இரண்டையுமே 'மார்ஜின்' என்று சொல்லிவிடுவது சகஜம், அவர்களுக்குள் பழக்கத்தில் புரிந்துவிடும். ஆனால் புதிதாக வரும் டீலரிடம் '25 பர்சன்ட் மார்ஜின் தருகிறோம்' என்று எழுத்தில் கொடுத்துவிட்டு மனதில் மார்க்-அப்பை வைத்திருந்தால், உங்களிடம் 800 ரூபாய்க்கு வாங்கும் அவர் எதிர்பார்க்கும் விற்பனை விலை சுமார் 1,067 ரூபாய் (அதில் 25 சதவீதம் போனால்தான் 800), நீங்கள் அச்சடித்திருப்பது 1,000. ஒவ்வொரு பொருளிலும் 67 ரூபாய் வித்தியாசம். ஆயிரம் பொருள் போனால் அறுபத்தேழாயிரம்.

எதோடு ஒப்பிடுகிறோம்

'அக்டோபர் விற்பனை கடந்த ஆண்டை விட இத்தனை சதவீதம் அதிகம்' என்று ஒரு ஜவுளிக் கடையின் 2024 அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளி நவம்பர் 12. அதாவது 2024-இல் தீபாவளி வியாபாரம் கிட்டத்தட்ட முழுசாக அக்டோபருக்குள் வந்துவிட்டது, 2023-இல் அதில் ஒரு நல்ல பங்கு நவம்பருக்குப் போனது. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் கணக்கு சரி, முடிவு தப்பு. தீபாவளிக்கு முந்தைய நாற்பது நாட்களை அதே நாற்பது நாட்களோடு ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல், சென்னையில் வெள்ளம், பல இடங்களில் தொழிற்கூடங்களும் கடைகளும் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படி மூடிக் கிடந்த ஒரு நிறுவனம் 2024 டிசம்பரில் 'ஒரே ஆண்டில் பிரமாத வளர்ச்சி' என்று வங்கிக்கு எழுதினால், அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முந்தைய ஆண்டின் பள்ளம்தான். அனுபவமுள்ள வங்கி அதிகாரி இதைக் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்ததும் அறிக்கையின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். 'கடந்த டிசம்பரில் புயலால் கடை மூடியிருந்தது, எனவே 2022 டிசம்பரோடும் ஒப்பிட்டிருக்கிறோம்' என்று நீங்களே எழுதிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எண்ணைப் பெரிதாகக் காட்டுவதை விட அதன் குறையைத் தானாகச் சொல்லும் கடிதத்துக்குத்தான் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

'கடந்த ஆண்டு' என்றும் வெறுமனே எழுத வேண்டாம். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது, காலண்டர் ஆண்டு வேறு. '2024-25 நிதியாண்டு' என்று எழுதுங்கள்.

லட்சமா, மில்லியனா

இதில் விளக்க அதிகம் இல்லை. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். நாம் 12,50,000 என்று காற்புள்ளி வைக்கும் அதே எண்ணை வெளிநாட்டில் 1,250,000 என்று எழுதுவார்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் பழக்கத்தைப் பின்பற்றுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜெர்மன் நிறுவனங்களுக்குப் பொருள் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜெர்மனியில் காற்புள்ளியும் புள்ளியும் இடம் மாறி இருக்கும், 1.250 என்றால் அவர்களுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. தேதியும் அப்படியே, 05/04/2025 நமக்கு ஏப்ரல் 5, அமெரிக்கருக்கு மே 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் பிரச்சினை முடிந்தது.

'5-10 லட்சம்' என்று எழுதுவதும் வேண்டாம், '5 லட்சம் முதல் 10 லட்சம் வரை' என்று முழுசாக எழுதுங்கள். நிலம் சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் கிரவுண்ட் என்று எழுதிப் பக்கத்தில் சதுர அடியையும் போடுங்கள். சென்னையில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்பது நமக்குப் பழகிய கணக்கு, வெளியூர்க்காரர் சென்ட்டில் யோசிப்பார்.

முக்கியமான தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆவது பிரிவின்படி, காசோலை போன்ற ஆவணத்தில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். நடைமுறையில் வங்கி அந்தக் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எண்ணில் ஒரு சைபர் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, 'ஒரு லட்சம்' என்பது 'பத்து லட்சம்' ஆனால் உடனே தெரியும்.

எண் போல இருக்கும், எண் அல்ல

வங்கிக் கணக்கு எண், பின்கோடு, இன்வாய்ஸ் எண் இவற்றையெல்லாம் யாரும் கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. இவை பெயர்கள். ஆனால் எக்செலுக்கு அது தெரியாது. பதினைந்து இலக்கங்களுக்கு மேல் அது நினைவில் வைக்காது, பதினாறு இலக்கக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும். முன்னால் இருக்கும் சைபரையும் தின்றுவிடும். சம்பளப் பட்டியலில் இப்படி ஒரு கணக்கு எண் கெட்டுப்போனால் அந்தத் தொழிலாளிக்கு அந்த மாதம் பணம் போய்ச் சேராது. தட்டுவதற்கு முன்பே எக்செலில் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்ப வராது.

30 நாள், எந்த நாளிலிருந்து?

நாளும் ஒரு எண்தான், அதற்கும் அடிப்படை வேண்டும். '30 நாளில் பணம்' என்றால் பில் தேதியிலிருந்தா, பொருள் வந்த நாளிலிருந்தா? குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பதை 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. அந்த 45 எண்ணப்படுவது பில் தேதியிலிருந்து அல்ல, வாங்குபவர் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. அதனால் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை பேசியதை வைத்து ஒரு கொட்டேஷன் வரியைத் திருத்திப் பார்க்கலாம். இப்படி ஒன்று வருகிறது: 'மோட்டார் 12, 1.5 எல், 10 பர்சன்ட் லெஸ், ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா, 30 நாள்.' இதில் ஒன்றரை லட்சம் என்பது ஒரு மோட்டாருக்கா, பன்னிரண்டுக்கும் சேர்த்தா என்பதே தெரியவில்லை. திருத்தியபின்:

'மோட்டார் 12. ஒன்றின் விலை 12,500 ரூபாய், பன்னிரண்டுக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய். இந்தத் தொகையில் 10 சதவீதம் தள்ளுபடி போக 1,35,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 24,300 ரூபாய். நீங்கள் செலுத்த வேண்டிய மொத்தம் 1,59,300 ரூபாய். பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். இந்த விலை 2026 மார்ச் 31 வரை செல்லும்.'

நீளம் கூடிவிட்டது, பரவாயில்லை. வாங்குபவர் போன் செய்து கேட்க இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி, லாரி வாடகை. அதையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள்: 'அம்பத்தூரிலிருந்து உங்கள் இடம் வரை லாரி வாடகை இதில் சேரவில்லை, அதை நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டும்.'